ஓர் அங்குலச் சாம்பல்

தம்பி,

நீ கொடுத்துவிட்டுப் போன சுருட்டை நேற்று முன்தினம் பற்ற வைத்தேன். ஜங்ஷனில் ரயில் நகரும்போது ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாயே, "ருசி பாத்துட்டு எப்டி இருக்குதுன்னு எழுதிப் போடுப்பா, போன்ல நல்லாருக்குதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாத" என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பல பக்கம் போகும். ஆபீசில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படி. ஒரு சுருட்டுக்கு இத்தனை பீடிகையா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், இன்னும் கொஞ்ச நேரம் உன்னால் சிரிக்க முடியும்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்ததும் பென்சில் சீவின வாசம் வந்தது. அது உள்ளே வைத்திருக்கும் மரப்பலகையின் வாசம். ஐந்து சுருட்டு, ஐந்தும் ஒரே நிறம், ஒரே பருமன். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து விரல்களால் உருட்டினேன். சத்தமே இல்லை. நம்ம ஊர்ப் பெட்டிக்கடைச் சுருட்டை இப்படி உருட்டினால் சருகு மாதிரி நொறுங்கும். இதில் இலை ஈரம் போகாமல் பதமாக இருந்தது. மேல் இலையில் நரம்பே தெரியவில்லை, எண்ணெய் தடவிய தோல் போல ஒரு மினுமினுப்பு. கழுத்தில் அந்தச் சிவப்பும் பொன்னும் கலந்த காகிதப் பட்டை. நீ கொடுத்த அன்றைக்கு அதைப் பார்த்ததும் பெட்டியைச் சட்டென்று மூடிவிட்டேன். இலை காய்ந்துவிடும் என்று உன்னிடம் சொன்னேன். பொய்.

அந்தப் பட்டையை நீ எங்கே பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். என் அலமாரியில், ஓரம் விண்டுபோன ஒரு பீங்கான் கோப்பைக்குள் அது ஒன்று கிடக்கும். ஏழெட்டு வயதில் அதை எடுத்து விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு வந்து, "இது என்னாப்பா?" என்றாய். நான் பிடுங்கி உள்ளே வைத்து, "அப்பாவுக்குப் பிடிச்ச சுருட்டுடா" என்றேன். வேறு என்ன சொல்வது? நீ அதை மறக்காமல் இருந்திருக்கிறாய். போன தடவை வந்தபோது எனக்குத் தெரியாமல் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, கம்பெனி வேலையாக வெளிநாடு போய்த் திரும்பும் வழியில் துபாய் விமான நிலையத்துக் கடைகளில் அலைந்து, அதே சுருட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறாய். "இருபத்திநாலு வருஷமா விட்டுட்ட, என் கல்யாணத்துக்கு ஒன்னே ஒன்னு குடிப்பா" என்று நீ பெட்டியை நீட்டியபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

நான் வேலை செய்த பீங்கான் கம்பெனியில் என் நாக்குக்கும் மூக்குக்கும் ஒரு மரியாதை இருந்தது. முதல் சூட்டில் வெந்து வந்த பொருளை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். நாக்கைப் பிடித்து இழுத்தால் இன்னும் வேகவேண்டும், வழுக்கினால் போதும். சூளைப் புகையை மோந்தே உள்ளே எந்தப் பக்கம் சூடு ஏறவில்லை என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமை சுருட்டுக்கும் போனது. உறையூர்ச் சுருட்டு, திண்டுக்கல் சுருட்டு, எவன் எதை வாங்கி வந்தாலும் முதல் இழுப்பை எனக்குத்தான் கொடுப்பான். "இலை பழசு", "மேல்ல மட்டும் நல்ல இலை, உள்ள குப்பை" என்று நான் சொல்வதைக் கேட்க டீக்கடையில் நாலு பேர் நிற்பார்கள். முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்வேன் என்று பேர். அந்தப் பேரில் எனக்குத் தலைக்கனம் உண்டு. மூக்கு பொய் சொல்லாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

சரி, பற்ற வைத்த கதைக்கு வருகிறேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பிளேடால் தலையை மெல்ல நறுக்கி, தீக்குச்சியை ஒட்டாமல் தள்ளிப் பிடித்து, நுனியைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, அப்புறம்தான் இழுத்தேன். கை மறக்கவில்லை. முதலில் மிளகு, நுனி நாக்கில் சுருக்கென்று. பின்னாலேயே வறுத்த நிலக்கடலைத் தோல் வாசம். அதற்கும் பின்னால், மூக்கு வழியாகப் புகையை விடும்போது, வெல்லப்பாகு பதம் தப்புவதற்கு முந்தின நொடியில் வருமே, அந்தக் கசப்பும் இனிப்பும். இழுப்பு இதமாக இருந்தது, கன்னம் ஒட்டவில்லை. நெருப்பு வட்டமாக, ஒரு பக்கம் ஓடாமல் இறங்கியது. சாம்பல் வெள்ளைச் சாம்பல். நல்ல சுருட்டில் சாம்பல் உதிராது தம்பி. கோபுரம் மாதிரி நிற்கும். எவ்வளவு நீளம் நிற்கிறதோ அவ்வளவு நல்ல இலை, அவ்வளவு நல்ல கை. ஓர் அங்குலம் நின்றது. கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன்.

அப்போது, "மாமா" என்று ஒரு குரல் கூப்பிட்டது.

தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, "மாமா." நான் சுருட்டைக் கீழே போட்டுவிட்டு, "வரேன்டா, இதோ வந்துட்டேன்டா" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினேன். நாற்காலி சாய்ந்து விழுந்தது. பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உள்ளே உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "யாருகிட்ட பேசறீங்க?" என்றாள். என் முகத்தைப் பார்த்துக் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "யாரு கூப்ட்டது? சொல்லுங்க." அவளிடம்தான் முதலில் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அந்தக் குரலில் என்னை மாமா என்று கூப்பிட்டவன் உன் தாய்மாமன் ஏழுமலை ஒருத்தன்தான். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. நான்தான் அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். அப்போதெல்லாம் பொருளை மண்பெட்டிகளில் வைத்து, பெட்டி மேல் பெட்டியாக ஆள் உயரத்துக்கும் மேலே சூளைக்குள் அடுக்குவோம். வெந்து ஆறியதும் ஒருத்தன் உள்ளே போய் எடுப்பான். இன்னொருத்தன் சூளை வாசலில் நின்று அடுக்கின் தலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு மேலே சாய்வது தெரியாது. வாசலில் நிற்பவன்தான் அவனுக்குக் கண். "சாயுது, வா வெளியே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தப்பித்துவிடலாம். வாசலில் ஆள் இல்லாமல் உள்ளே இருக்கக்கூடாது, வாசலில் நிற்பவன் விலகினால் உள்ளே இருப்பவனையும் வெளியே வரச் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும். எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் அதை மீறினவனை அடுத்த சூளையில் யாரும் கூடச் சேர்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு மாசி மகத்துக்கு மறுநாள். முந்தின நாள் ஊரே ஆற்றிலும் கோயிலிலும் இருந்தது. வேலைக்கு வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஏழுமலை உள்ளே, நான் வாசலில். சரக்கு எடுக்க வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி காரில் வந்திருந்தார். என் மூக்கைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் நின்றபடி, "அண்ணே, ஃபாரின் சுருட்டு ஒன்னு இருக்குது. பத்த வைங்க, எப்டி இருக்குதுன்னு உங்க வாயால கேட்டுட்டுப் போறேன்" என்றார். என் தலைக்கனத்துக்கு அது போதுமானதாக இருந்தது. "ஏழுமல, நீ எடுத்துகிட்டு இரு, இதோ வந்துடறேன்" என்றேன். "போயிட்டு வாங்க மாமா" என்றான். அவனை வெளியே வரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

வியாபாரியிடம் மிளகு, கடலைத் தோல், வெல்லப்பாகு எல்லாம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்து கேட்டுவிட்டுக் கார் ஏறிப் போய்விட்டார். அப்போதே நான் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அந்தச் சுருட்டை விட மனசு வரவில்லை தம்பி, அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை. மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சாம்பல் ஓர் அங்குலம் நின்றது. அப்படி ஒரு சாம்பலை நான் பார்த்ததில்லை. எழுந்தால் உதிர்ந்துவிடும். அப்போதுதான் "மாமா" என்று கூப்பிட்டான். பயந்த குரல் இல்லை, சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். "இருடா, வரேன்" என்றேன். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, "மாமா." அதற்கு நான் பதிலே சொல்லவில்லை, சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. சடசடவென்று பெட்டிகள் சரிகிற சத்தம்தான் கேட்டது.

அப்புறம் யோசித்துப் பார்த்தால், சாய்ந்த அடுக்கை அவன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் கூப்பிட்டிருக்கிறான். நான் வந்துவிடுவேன் என்று நம்பித்தான் அவ்வளவு நிதானமாகக் கூப்பிட்டிருக்கிறான். இந்த இருபத்திநாலு வருஷத்தில் இதை நினைக்காமல் ஒரு நாள் சோறு தின்றிருக்கிறேனா என்று கேட்டால், இல்லை.

இதுவரை சொன்னது என் அலட்சியம். இதை விடக் கேவலமானது இனிமேல்தான் இருக்கிறது.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் ஓடி வந்து பெட்டிகளை இழுத்துப் போட்டார்கள். ஏழுமலையை வெளியே கொண்டுவந்து கிடத்தினோம். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்: "என்னாய்யா, நேத்து போட்டது இன்னும் தெளியலியா? இந்த நெலமையில சூளைக்குள்ள எறங்கினானா?" இன்னொருத்தர் என்னைப் பார்த்து, "நீ மோந்து சொல்லுய்யா, ஒனக்குத் தெரியாததா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனேன். இஞ்சி டீ வாசம் வந்தது. அது மட்டும்தான். முந்தின நாளும் அவன் குடிக்கவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று திருவிழாவுக்கே போகாமல் வீட்டில் இருந்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். நிமிர்ந்தேன். "ம்" என்றேன். "ஆமா"கூட இல்லை. தலையை ஆட்டி ஒரு "ம்".

அவ்வளவு போதும். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. என் "ம்" மட்டும் ஊருக்குள் நடந்து போனது. "குடிச்சிட்டு சூளைக்குள்ள போயி செத்தான்" என்று அவன் பெண்டாட்டி வசந்தாவின் ஊரான கம்மாபுரம் வரைக்கும் பேச்சு. வாசலில் யார் நின்றார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் அன்றோடு சுருட்டை விட்டேன். அதற்கும் எனக்கு நல்ல பேர். "மச்சான் செத்த துக்கத்துல சுருட்டயே வுட்டவரு" என்று உன் அம்மாவின் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தப் பேரையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மரத்தடியில் கிடந்த அந்தச் சுருட்டிலிருந்து பட்டையை மட்டும் உருவி எடுத்து வந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கிப் போட்டால் நான் மறந்துவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம்.

இப்போது தேன்மொழி விஷயம். ஏழுமலையின் மகள், நீ கட்டிக்கொள்ளப்போகிறவள். அப்போது அவளுக்கு இரண்டு வயசு. அவள் எப்படி வளர்ந்தாள் என்று உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் குடிகாரன் பொண்ணு என்று ஒருத்தி சொன்னதற்காக அவளை அடித்துவிட்டு, ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தாள். வசந்தா அத்தை புருஷன் படத்தைச் சுவரில் மாட்டினால் இவள் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். உன் அம்மா தம்பி பெண்ணைத்தான் மருமகளாக்க வேண்டும் என்று நின்றபோது, சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு ஆகாது, காலம் மாறிவிட்டது என்று நான் இரண்டு வருஷம் தட்டிக்கழித்தேனே, அப்பா எவ்வளவு விவரமாக யோசிக்கிறார் என்று நீ பெருமையாக நினைத்தாய். விவரமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தினமும் என் முன்னால் நடமாடினால் நான் தாங்குவேனா என்ற பயம்தான்.

நிச்சயத்துக்குப் பிறகு நீ போனில் சொன்னாய்: "அவ என்னாண்ட ஒரே ஒரு சத்தியம் வாங்கினாப்பா. எங்கப்பன் மாதிரி நீ ஒரு நாளும் குடிக்கக் கூடாதுன்னா. கையில அடிச்சிக் குடுத்தேன்." நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் போனைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் மேலே, போன வாரம் அச்சாபீசிலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சு வந்தது. நம் பக்கம் என் பேரும் உன் அம்மா பேரும் இருக்கிறது. பெண் வீட்டுப் பக்கம் வசந்தா அத்தை பேர் மட்டும். தெய்வத்திரு ஏழுமலை என்று இருக்க வேண்டிய இடம் காலி. "எங்கப்பா பேரு வேணாம் அத்தை" என்று அவளே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். உன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். "குடிச்சாத்தான் என்னாங்க, அவன் எந்தம்பி இல்லியா?" என்று என்னிடம் கேட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. உன் சுருட்டு வந்து, அவன் வந்து கூப்பிட்டு, அப்புறம்தான் திறந்தது.

உன் அம்மா முழுசாகக் கேட்டாள். முடிந்ததும், "ரெண்டு தடவ கூப்ட்டானா?" என்றாள். "ஆமா" என்றேன். "ரெண்டு தடவையுமே மாமான்னுதான் கூப்ட்டானா?" "ஆமா." எழுந்து போய் மறுபடி அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியையே மூன்று நான்கு தடவை களைந்தாள். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. தட்டில் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், போய்விடுகிறாள். அவள் திட்டினால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும். அந்தச் சுலபத்தை எனக்குக் கொடுக்க அவளுக்கு இஷ்டம் இல்லை போல. நியாயம்தான்.

உன் பரிசைப் பற்றி வருத்தப்படாதே. நீ அன்பாகத்தான் வாங்கினாய். அருமையான சுருட்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் முதல் பங்கைப் பற்றி மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். நடுப்பங்கும் கடைசிப் பங்கும் எப்படி இருக்கும் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இனிமேல் தெரிந்துகொள்ளவும் போவதில்லை. மீதி நாலும் பெட்டியோடு இருக்கிறது. நீ வந்து எடுத்துக்கொண்டு போய் என்ன வேண்டுமானாலும் செய்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் பிள்ளைக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தேன்மொழி அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால், கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போ. சும்மாதான் கூப்பிட்டேன் என்பாள். பரவாயில்லை. ஒன்றும் இல்லாததற்கு நூறு தடவை போய் நின்றாலும் நஷ்டம் இல்லை.

இந்த விஷயத்தை நீ அவளிடம் சொல்லாதே. அது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை கம்மாபுரம் பஸ்ஸில் போகிறேன். அவளிடமும் வசந்தாவிடமும் எல்லாவற்றையும் சொல்வேன். அன்றைக்கு அவன் வாயில் வந்த இஞ்சி டீ வாசம் வரைக்கும் சொல்வேன். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னாலும் சொல்லலாம். அப்படி ஆனால் உன் வாழ்க்கையையும் நான்தான் கெடுத்தேன் என்று ஆகும். அதற்கும் சேர்த்து என்னைத் திட்டு. ஆனால் பொய்யை மணையில் உட்காரவைத்து உனக்குத் தாலி கட்டவைக்க என்னால் முடியாது. நான் திரும்பி வரும் வரை அச்சாபீஸ்காரரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். பத்திரிகை மாதிரியில் காலியாக இருந்த இடத்தில் பென்சிலால் தெய்வத்திரு ஏழுமலை என்று எழுதி வைத்திருக்கிறேன். என் பேர் இருக்கிற இடத்தை அவள் அடித்துவிடச் சொன்னால் அடித்துவிடு.

உன் அம்மா என்னோடு வருகிறாளா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் போவேன். அவர்கள் வீட்டுக்குள் நேராக நுழைந்துவிட மாட்டேன். சொல்ல வேண்டியதை வாசலில் நின்றே சொல்வேன். சொல்லி முடித்ததும், கதவைச் சாத்தினாலும் அங்கேயே நிற்பேன். வெயில் ஏறினாலும் நிற்பேன். அன்றைக்கு நான் நின்றிருக்க வேண்டிய இடம் வாசல்தானே. உள்ளேயிருந்து அவள் "மாமா" என்று கூப்பிட்டால் மட்டும், ஒரே தடவை கூப்பிட்டால் போதும், உள்ளே போவேன்.

உன் அப்பா